புதுப்பிப்பு: இரவில் சும்மா அலறும் கார் அலாரம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குக் கீழே நிற்கும் கார், யாரும் தொடாமலே இரவில் அலறுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பட்டரி பலவீனம், இல்லாவிட்டால் கரையோரக் கோச்சியின் (ரயிலின்) அதிர்வு என்றீர்கள். நியாயமான சந்தேகங்கள்தான். ஆனால் இரவு முழுக்க நின்ற பிறகும் பட்டரி 12.6 வோல்ட் காட்டியது, அதாவது நல்ல நிலை. அதிர்வு சென்சரின் உணர்திறனைக் குறைத்தும் பலனில்லை. கடைசிக் கோச்சி போன பிறகும் அலறல்தான்.

அப்புறம்தான் கவனித்தேன், மழை இரவுகளில்தான் தொல்லை அதிகம். கள்ளன் வேறு யாருமில்லை, பொனட் சுவிட்ச்தான்! பொனட்டைத் திறந்தால் வயரை எர்த்தோடு (காரின் உலோக உடலோடு) சேர்த்து அலாரத்துக்குத் தகவல் கொடுப்பது அதுதான். கடற்காற்றில் துருப்பிடித்து, ஈரம் பட்டதும் மூடியிருக்கும்போதே மின்னைக் கசியவிட்டிருக்கிறது. வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டுப் பார்த்தேன், கொட்டும் மழையிலும் சத்தமில்லை. பஞ்சிகாவத்தையில் புதுச் சுவிட்ச் வாங்கிப் போட்டாயிற்று. விலை அற்பம். அலாரத்தையே மாற்றச் சொன்ன கடைக்காரரை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஒன்று: சில கார்களில் இந்தச் சுவிட்ச் நேர்மாறாக வேலை செய்யும், வயரைக் கழற்றினாலே பொனட் திறந்ததாக அலாரம் எடுத்துக்கொள்ளும். கழற்ற முன் உங்களுடையது எந்த வகை என்று மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.