கழகத்துக்குக் கரப்பந்து மைதானம், பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு: நிதிக்கு எங்க, எப்பிடி எழுதிறது?

பனங்காமத்தான்:

வணக்கம் உறவுகளே. வன்னியில துணுக்காய்ப் பக்கம் ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகம், 42 அங்கத்தவர். டிஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலக) விளையாட்டு உத்தியோகத்தரிட்டப் பதிவு இருக்கு, கழகத்தின்ர பேரில வங்கிக் கணக்கும் இருக்கு.

தேவை மூன்று. கிரவல் போட்ட கரப்பந்து மைதானம் ஒன்று, கம்பம், வலை, இரவு லைட்டோட. அடுத்தது பந்தும் சீருடையும். மூன்றாவது, ஆண்டு 5 பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு, ஆசிரியருக்கு மாதாமாதம் ஒரு கொடுப்பனவு. மூன்றையும் சேர்த்து ஒரே முன்மொழிவா எழுதி மாகாணம், எம்பி, தூதரகம் எண்டு எல்லா இடமும் குடுப்பம் எண்டு நிர்வாகம் சொல்லுது. லண்டனில லொத்தர் காசில கழகங்களுக்கு நிதி குடுக்கினமாம், அதையும் கேக்கலாம் எண்டு அங்க இருக்கிற ஊர் ஆக்கள் சொல்லினம். எங்க துவங்கிறது? என்னென்ன கடதாசி வேணும்?

கணக்குப்புத்தகம்:

மூன்றையும் ஒன்றாகக் கட்டி அனுப்பாதேங்கோ. அப்பிடிப் போற முன்மொழிவை எந்த மேசையும் தன்ரை எண்டு எடுக்காது. விளையாட்டுப் பக்கம் பாக்கிறவர் "வகுப்பு எங்கட வேலை இல்லை" எண்டுவார், கல்விப் பக்கம் பாக்கிறவர் "கிரவல் எங்கட வேலை இல்லை" எண்டுவார். மூன்று தேவை, மூன்று கடிதம்.

பந்து, வலை, சீருடைக்கு மாகாண விளையாட்டுத் திணைக்களமும் எம்பிமாரின்ர பன்முகப்படுத்தப்பட்ட நிதியும்தான் (ஊர் வேலைகளுக்கெண்டு எம்பிமாருக்கு ஒதுக்கிற காசு) வழமையான வழி. இதில கழகத்துக்குக் காசு வராது, பொருள்தான் வரும். கொள்வனவைச் செய்யிறது அலுவலகம். "பந்து 10, வலை 2" எண்டு மட்டும் எழுதினா விலை குறைஞ்சதைத்தான் வாங்குவினம், ஏனெண்டா அதுதான் அவையின்ர விதி. பிறகு பந்து ஒரு மாதத்தில தையல் விட்டிட்டுது எண்டு முறையிட்டுப் பிரயோசனமில்லை. விபரத்தை நீங்களே எழுதிக் குடுங்கோ: கரப்பந்து எண்டா சுற்றளவு 65 தொடக்கம் 67 சென்ரிமீற்றர், உதைபந்து எண்டா 5 ஆம் இலக்கம், வலை 1 மீற்றர் அகலம், 9.5 தொடக்கம் 10 மீற்றர் நீளம். சீருடைக்கு அளவுப் பட்டியல் பேரோட இணையுங்கோ. எல்லாம் நடுத்தர அளவில வந்து இறங்கிறது வழமை.

மைதானத்துக்குத் தூதரகம் எண்டு யோசிக்கிறியள். யப்பானின்ர அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நன்கொடைத் திட்டம் பெரிய தொகை குடுக்கும், ஆனா கட்டடம், உபகரணம் மாதிரி நிக்கிற பொருளுக்குத்தான். சம்பளம், மின்சாரப் பில், பராமரிப்பு ஒண்டும் அதுக்குள்ள வராது. ஒரு கழகம் தனிய ஒரு கரப்பந்து மைதானத்துக்கு அதைக் கேக்கிறது உரலுக்குப் பதிலா மலையைக் கேக்கிற மாதிரி. பிரதேச சபை விண்ணப்பதாரரா நிண்டு, சுத்தியுள்ள கிராமங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொதுவான விளையாட்டிடம் எண்டு எழுதினா அதில ஒரு நியாயம் இருக்கு. இல்லாட்டி அந்தப் பக்கம் போய் ஒரு வருசத்தை வீணாக்காதேங்கோ.

வகுப்பு வேற விசயம். மாதாமாதம் குடுக்கிற கொடுப்பனவை அநேகமா ஒருத்தரும் தர விரும்பமாட்டினம், நன்கொடை முடிய வகுப்பும் முடிஞ்சிடும் எண்டு அவைக்குத் தெரியும். தை தொடக்கம் புலமைப்பரிசில் பரீட்சை வரைக்கும், கிழமைக்கு மூன்று நாள், இத்தனை பிள்ளை, இத்தனை மணித்தியாலம் எண்டு முடிவுள்ள ஒரு வேலையா எழுதினாத்தான் வாசிப்பினம். அதோட உங்கட யாப்பை (கழக விதிகளை) எடுத்துப் பாருங்கோ. நோக்கம் எண்ட இடத்தில விளையாட்டு மட்டும் இருந்தா வகுப்புக்குக் கேக்க உங்களுக்கு உரித்தில்லை. பொதுக்கூட்டத்தில யாப்பைத் திருத்தோணும், அல்லது சனசமூக நிலையம் அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின்ர பேரில விண்ணப்பிக்கோணும். ரெண்டாவதுதான் கெதியா முடியும்.

வவுனிக்குளம்:

கடதாசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாப்பு, பதிவுச் சான்றிதழ் (நடப்பில் இருக்க வேண்டும், காலாவதியானது செல்லாது), நடப்பு நிர்வாக சபைப் பட்டியல், கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, வருடக் கணக்கறிக்கை, வங்கிக் கூற்று, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலாளரின் சிபாரிசு, மூன்று விலைமனு. இவ்வளவும் எல்லாரும் சேர்த்துவிடுவார்கள். விண்ணப்பம் விழுவது இவற்றுக்கு இடையில்தான்.

மிக அதிகமாக நடப்பது இது: பொதுக்கூட்டத்தில் புதிய தலைவரும் பொருளாளரும் தெரிவாகியிருப்பார்கள், வங்கியில் கையொப்பம் பழைய ஆட்களுடையது. பட்டியலில் ஒரு பெயர், வங்கிக் கடிதத்தில் இன்னொரு பெயர். மதிப்பீடு செய்பவர் அங்கேயே கோப்பை மூடிவிடுவார். தெரிவு நடந்த கிழமையே அறிக்கைப் பிரதி, அடையாள அட்டைகள் சகிதம் புதிய நிர்வாகிகள் வங்கிக்குப் போய் மாற்றிவிடுங்கள். கையொப்பமிடும் இருவர் அண்ணன் தம்பியாகவோ கணவன் மனைவியாகவோ இருக்கவே கூடாது.

அடுத்தது, இந்த விண்ணப்பத்தை அனுப்புவதென்ற தீர்மானம் கூட்ட அறிக்கையில் இருக்க வேண்டும்: எதற்கு, எவ்வளவு, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார். வரவுப் பதிவில் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆகக்குறைந்த வரவு) நிரம்பியிருக்க வேண்டும். 42 அங்கத்தவர் என்று படிவத்தில் எழுதி, கூட்டத்துக்கு 9 கையொப்பம் மட்டும் இருந்தால் அந்த 42ஐ எவரும் நம்பப் போவதில்லை.

விலைமனு மூன்றும் மூன்று கடையில் எடுங்கள். ஒரே கடைக்காரர் மூன்று தலைப்புக் கடிதத்தில் எழுதித் தருவார்; ஒரே எழுத்துப் பிழை மூன்றிலும் இருப்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. மூன்றுக்கும் ஒரே விபரக்குறிப்பைக் கொடுங்கள். வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்ததா இல்லையா என்று எழுதச் சொல்லுங்கள். 2024 தை முதல் அது 18 வீதம். வற் பதிவுள்ள கடையில் அதை விட்டுவிட்டுப் பாதீடு போட்டால் அந்த இடைவெளியை நிரப்புவது கழகம்தான். விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் பாருங்கள். 30 நாள் விலையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வாங்கப் போனால் கடைக்காரர் சிரிப்பார்.

முறிப்புக்கட்டு:

மைதானக் கணக்கைக் கொஞ்சம் பாப்பம், ஏனெண்டா "மைதானம் அமைத்தல், மொத்தத் தொகை" எண்டு ஒரே வரியில போடுற ஆக்கள்தான் கூட.

ஆடுகளம் 18 க்கு 9 மீற்றர். சுத்திவர ஆகக்குறைஞ்சது 3 மீற்றர் வெளி விடோணும், அப்ப 24 க்கு 15, மொத்தம் 360 சதுர மீற்றர். இறுகின பிறகு 15 சென்ரிமீற்றர் கிரவல் எண்டா 54 கன மீற்றர். ஒரு கியூப் எண்டிறது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர், ஆகவே 19 கியூப். இது இறுகின அளவு. உருளை போட்டு இறுக்கேக்க கிரவல் அமரும், அதால ஏத்திற கிரவல் 24, 25 கியூப்புக்குக் கேக்கோணும். 19 எண்டு போட்ட இடங்களில கடைசி மூலை எப்பவும் பள்ளம்தான். "திப்பர் லோட்" எண்டு ஒருக்காலும் எழுதாதேங்கோ, திப்பருக்குத் திப்பர் அளவு வேற. கிரவல் தாறவரிட்ட அகழ்வு அனுமதிப்பத்திரமும் ஏத்திற அனுமதியும் இருக்கா எண்டு பாத்து, பிரதியை விலைமனுவோட இணையுங்கோ. இல்லாட்டி வழியில வாகனத்தை மறிச்சா வேலை நிண்டிடும்.

தண்ணி ஓடச் சரிவு வேணும். வெளி மைதானத்துக்கு மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சரிவு விதியிலேயே இருக்கு. கம்பம் 2.55 மீற்றர் உயரம், பக்கக் கோட்டிலயிருந்து அரை மீற்றர் தொடக்கம் ஒரு மீற்றர் தள்ளி. கொங்கிறீற்றில குழாய் உறை இறக்கி, கம்பத்தை அதுக்குள்ள நிறுத்திற மாதிரிப் போடுங்கோ. கம்பி இழுத்துக் கட்டிற முறை வேண்டாம், இருட்டில பிள்ளைகள் தடக்கி விழும், விதியும் இடம் குடுக்காது. ஆண்களுக்கு வலை உயரம் 2.43, பெண்களுக்கு 2.24 மீற்றர், ஏத்தி இறக்கிற கொக்கி போட்டா ரெண்டு அணிக்கும் பாவிக்கலாம். பெண்கள் அணியும் விளையாடும் எண்டு விண்ணப்பத்தில எழுதிறதெண்டா அந்தக் கொக்கியைப் பாதீட்டில காட்டுங்கோ, வெறும் வசனத்துக்கு மதிப்பில்லை.

லைட்டை இந்த விண்ணப்பத்தில இருந்து எடுத்திடுங்கோ எண்டுதான் சொல்லுவன். இணைப்பு ஆரின்ர பேரில, பில் ஆர் கட்டிறது எண்ட கேள்விக்கு விடை இல்லாம லைட் கேட்டா முழு முன்மொழிவும் தொங்கும்.

மதிப்பீட்டைப் பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு செய்விச்சு, ஒப்பமும் முத்திரையும் எடுங்கோ. சிரமதானத்தைக் கழகத்தின்ர பங்களிப்பாக் காட்டலாம்: இத்தனை பேர், இத்தனை நாள், ஒரு நாள் கூலி இவ்வளவு. வரவுப் பட்டியல் கையெழுத்தோட இருக்கோணும்.

காலம் முக்கியம். அரச ஒதுக்கீடு மார்கழி 31 ஓட முடியும். பணம் விடுவிக்கிறது பிந்திப் போய், ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள கிரவல் கொட்டினா அது மைதானம் இல்லை, சேத்து வயல். மாசி, பங்குனியில அரிவு வெட்டு, சிரமதானத்துக்கு ஆக்கள் வராயினம். வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில வேலை முடியிற மாதிரி அட்டவணை போடுங்கோ. சிறுபோகம் செய்யிற இடமெண்டா அதையும் பாத்து.

பனங்காமத்தான்:

பெரிய உதவி, நன்றி. ஒரு சிக்கல்: காணிக்குக் கடதாசி ஒண்டும் இல்லை. அரச காணி, கன காலமா அதிலதான் விளையாடுறம்.

வவுனிக்குளம்:

அப்படியானால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் இதைப் பாருங்கள். "கன காலமாக விளையாடுகிறோம்" என்பது உரிமை ஆகாது. அந்தத் துண்டு எவருடைய பொறுப்பில் இருக்கிறது என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வன்னியில் பார்வைக்கு வெறுங்காணியாக இருப்பது வரைபடத்தில் வன இலாகா எல்லைக்குள் இருப்பது சாதாரணம். அப்படி வந்தால் இடத்தை மாற்றுவதே புத்தி. இல்லையென்றால் விளையாட்டு மைதானத்துக்கென ஒதுக்கும்படி கோரிக்கை கொடுத்து, ஆட்சேபனை இல்லை என்ற கடிதத்தையாவது எடுங்கள். முன்பு கண்ணிவெடி அபாயப் பகுதியாகக் குறித்த இடமாக இருந்தால், அகற்றி முடித்ததற்கான உறுதியும் வேண்டும், ஏனென்றால் அத்திவாரக் கிடங்கு வெட்டப் போகிறீர்கள்.

பாடசாலை மைதானத்தில் போடுவது இன்னொரு வழி. அதிபர் சம்மதித்தால் போதாது, வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்து அனுமதியும், பாடசாலை நேரத்துக்குப் பிறகு கழகம் பாவிக்கலாம் என்ற உடன்பாடும் தேவை.

தேம்ஸ்கரை:

லொத்தர் விசயம். இங்கிலாந்தில "எல்லோருக்கும் விருதுகள்" (Awards for All) எண்ட திட்டத்தில 300 தொடக்கம் 20,000 பவுண்ஸ் வரை சின்ன அமைப்புகளுக்குக் குடுக்கினம், உண்மைதான். ஆனா அது பிரித்தானியாவில இருக்கிற சனத்துக்கான காசு. இங்க ஒரு தமிழ்க் கழகம் இங்கத்தப் பிள்ளைகளின்ர விளையாட்டுக்கு எடுத்து அதை வன்னிக்குத் திருப்பினா, அது நிதி மோசடி. உங்கட ஊர் ஆக்களுக்கு இதைத் தெளிவாச் சொல்லுங்கோ.

சரியான வழி, இங்க பதிவு செய்த தொண்டு அமைப்பொண்டு சேர்க்கிற நன்கொடை. வரி கட்டிற ஒருவர் 1 பவுண் குடுத்தா அமைப்பு அரசிட்ட இருந்து இன்னும் 25 பென்ஸ் மீளப் பெறலாம். அப்பிடி வாற காசுக்குத்தான் உங்கட பின்னேர வகுப்புப் பொருந்தும். வெளிநாட்டில செலவழிச்ச காசு சொன்ன வேலைக்குத்தான் போனது எண்டு காட்ட வேண்டிய பொறுப்பு அமைப்புக்கு இருக்கு, அதால கழகத்தின்ர அல்லது விண்ணப்பிக்கிற சங்கத்தின்ர கணக்குக்கு மட்டும் அனுப்புவினம், ஒருத்தரின்ர சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேக்காதேங்கோ. வகுப்பு வரவு இடாப்பு, ஆசிரியர் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டு ரெண்டையும் மாதக் கடைசியில அனுப்புங்கோ.

கணக்குப்புத்தகம்:

ஒண்டு விடுபட்டது. பற்றுச்சீட்டுகளுக்கு இலக்கம் போட்டு, வவுச்சரோட ஒட்டி வையுங்கோ. கடையில மெசினில அடிச்சுத் தாற பளபளப்புத் தாள் பில்லு எங்கட வெக்கைக்கு நாலைஞ்சு மாதத்தில வெறும் வெள்ளைத் தாளாப் போயிடும். வாங்கின அண்டைக்கே பொட்டோக் கொப்பி எடுத்து, அதில கடைக்காரரின்ர முத்திரையும் வாங்குங்கோ.