பேர்ஸ்டோவை ஆஸ்திரேலியா திரும்ப அழைத்திருக்க வேண்டுமா?

கேள்வி:
2023 ஆஷஸ் தொடரின் லார்ட்ஸ் டெஸ்டில், கேமரூன் கிரீன் வீசிய பவுன்சருக்குக் குனிந்துவிட்டு, ஓவர் முடிந்ததென்று எண்ணிக் கிரீஸை விட்டு நடந்த இங்கிலாந்தின் ஜானி பேர்ஸ்டோவை, ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் அலெக்ஸ் கேரி பந்தை எறிந்து ஸ்டம்பிங் செய்தார். விதிப்படி அது அவுட் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ரன் எடுக்க முயலாத ஒருவரை இப்படி வீழ்த்திய பின் கேப்டன் பேட் கம்மின்ஸ் அவுட் கேட்ட முறையீட்டைத் திரும்பப் பெற்றிருக்கலாம் அல்லவா? 2011இல் டிரென்ட் பிரிட்ஜில், தேநீர் இடைவேளை வந்துவிட்டதென்று நடந்த இங்கிலாந்தின் இயன் பெல்லை ரன் அவுட் செய்த பின்னரும், இந்திய கேப்டன் தோனி அவரை மீண்டும் ஆட விட்டாரே.

பதில் 1:
இரண்டையும் ஒன்றாக வைப்பது சரியன்று. பெல், பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதாக நம்பினார். களத்தடுப்பாளரின் தளர்ந்த நடையும் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தது. கேரியோ பந்தைப் பிடித்ததும் தயங்காமல் எறிந்தார். இரு தரப்பும் ஆட்டம் நின்றதாகக் கருதினால்தான் பந்து ஆட்டத்தில் இல்லை என்று கொள்ள முடியும். மேலும், அதே டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் மார்னஸ் லபுஷேன் பேட் செய்தபோது ஸ்டம்பைக் குறிவைத்து எறிந்து பார்த்தவர் பேர்ஸ்டோதான்!

பதில் 2:
எனக்கு உறுத்துவது வேறு. அன்றைய உணவு இடைவேளையில், லார்ட்ஸ் பெவிலியனில் உறுப்பினர்கள் கூடும் லாங் ரூம் வழியாகச் சென்ற ஆஸ்திரேலிய வீரர்கள் உஸ்மான் கவாஜாவிடமும் டேவிட் வார்னரிடமும், மைதானத்தின் உரிமையாளரான எம்.சி.சி. கிளப்பின் உறுப்பினர்கள் சிலர் தகாத முறையில் நடந்துகொண்டனர். மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். கேப்டன் பென் ஸ்டோக்ஸின் 155 ரன்களுக்குப் பின்னும் இங்கிலாந்து 43 ரன்களில் தோற்ற ஏமாற்றம் புரிகிறது. ஆனால் அந்த வசை ஆட்டம் முடியும் முன்பே தொடங்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
லாங் ரூம் பற்றி மறுப்பில்லை. இருந்தாலும், கம்மின்ஸின் இடத்தில் தோனி இருந்திருந்தால் பேர்ஸ்டோ திரும்பியிருப்பார் என்றே இப்போதும் நினைக்கிறேன்.