சீலிங்குக்கு மேல் இருக்கிற வயர் மூட்டு: ஈயம் பிடிப்பதா, தொப்பி திருகுவதா?

கொட்டாஞ்சேனை_மேல்மாடி

பழைய வீடு. சீலிங் பலகையைக் கழற்றியதும் ஐந்து இடத்தில் வயரை வெறுமனே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி விட்டிருப்பது தெரிந்தது. பொக்ஸ் எதுவும் இல்லை. ஒன்றில் டேப்பின் பசை உருகி ஒழுகி, உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கிடக்கிறது. லைட்டுக்கு 1/1.13 (1.13 மி.மீ. தடிப்பில் ஒற்றை இழை), பிளக்குக்கு 7/0.67 (0.67 மி.மீ. தடிப்பில் ஏழு இழை). வயரிங் பாஸ் (வேலை செய்பவர்), ஈயம் பிடித்தால் ஆயுசுக்கும் கழராது என்கிறார். கனடாவில் இருக்கும் அக்கா ஒரு பெட்டி திருகுத் தொப்பி (வயர் முனைகளைச் சேர்த்து மேலே திருகுவது) அனுப்பியிருக்கிறா. அங்கே வீட்டுக்கு வீடு அதுதானாம். எது சரி? போர்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

பழைய_வயர்மேன்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: காப்பாற்றாது. தளர்ந்த மூட்டில் கரண்ட் கூடுவதில்லை, அதனால் எம்சிபி (கரண்ட் கூடினால் விழும் பிரேக்கர்) விழாது. எர்த்துக்குக் கசிவதும் இல்லை, லைவில் போனது அப்படியே நியூட்ரலில் திரும்புகிறது, அதனால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் விழாது. மூட்டில் 0.1 ஓம் தடை வந்து, அதில் 10 அம்பியர் ஓடினால் 10 வாட் வெப்பம். நகக்கண் அளவு இடத்தில், டேப்புக்குள்ளே, மணிக்கணக்காக. பிவிசி உறை தாங்குவது 70 பாகை வரைதான். உங்கள் பசை உருகியது இதனால்தான்.

ஈயம் பிடிப்பது தவறில்லை. சரியாகப் பிடித்த மூட்டைப் பிறகு எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் விடுவதற்கும் பிஎஸ் 7671 (பிரித்தானிய வயரிங் விதி) இடம் தருகிறது. ஸ்குரூ மூட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் ஈயத்தின் வேலை பிடிப்பது அல்ல. பிடிப்பு முறுக்கிலேயே இருக்க வேண்டும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 190 பாகைக்குள் உருகிவிடும், அதற்கு முன்பே இளகி விட்டுக்கொடுக்கும். முறுக்கில்லாமல் ஈயத்தை மட்டும் நம்பிய மூட்டு, சூடு ஏறினால் வழிந்து பிரியும்.

7/0.67 என்றால் இரண்டு பக்கமும் 40 மி.மீ. சீவி, ஏழு இழையையும் குடை மாதிரி விரித்து, நடு இழையை வெட்டிவிட்டு, இரண்டு குடையையும் எதிரெதிரே கோத்து, ஒவ்வொரு இழையாக அடுத்த வயரின் மேல் நெருக்கிச் சுற்ற வேண்டும். இழுத்துப் பார்த்து அசையாவிட்டால்தான் சோல்டரிங் அயனை எடுக்க வேண்டும். ரேடியோ வேலைக்கான 25 வாட் அயன் போதாது. செம்பு சூட்டை இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் உறை வெந்துவிடும். 60 முதல் 100 வாட் வரை வேண்டும். அயனைச் செம்பில் வைத்து, மறுபக்கத்தில் ஈயத்தைத் தொட வேண்டும். தானாக உள்ளே இறங்கினால் சரி, மேலே மணி மணியாக நின்றால் குளிர் மூட்டு (ஈயம் செம்பில் ஒட்டாத மூட்டு). ரோசின் (பிசின்) உள்ளே உள்ள ஈயக் கம்பி மட்டும். தகரத்துக்குப் பூசும் அமிலத்தைத் தொட்டீர்களென்றால் செம்பை அரித்துவிடும். கூராக நீட்டும் ஈய முனையை அரத்தால் தட்டிவிடுங்கள், டேப்பைக் குத்தித் துளைக்கும்.

ஏழு_இழை

அண்ணா சொன்னது சரி. ஆனால் ஏணியில் நின்று, தலைக்கு மேலே, ஐந்து இடத்தில், லைவ் நியூட்ரல் எர்த் என்று இந்தத் தரத்தில் பதினைந்து மூட்டை எத்தனை பாஸ் செய்வார்? ஃபேன் வயர் மாதிரி மெல்லிய இழை வயரில் ஈயம் உறைக்குள் ஊறி ஏறும். அது நிற்கிற எல்லையில் வயர் விறைத்து, ஃபேனின் அதிர்வில் அங்கேதான் முறியும். இன்னொன்று: ஈயம் பூசிய முனையை ஸ்குரூ கொனெக்டரில் இறுக்காதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல விலகி, சில மாதத்தில் ஸ்குரூ தளர்ந்து நிற்கும்.

தொப்பிக்கு வருவோம். உள்ளே கூம்பு வடிவில் ஒரு ஸ்பிரிங்; திருகும்போது அது செம்பில் கடித்து ஏறுகிறது. நல்ல பொருள்தான். ஆனால் பெட்டியில் உள்ள அட்டவணை அங்கத்தைய ஏடபிள்யூஜி (அமெரிக்க வயர் எண்) அளவில் இருக்கும். 14 என்றால் 2.08 சதுர மி.மீ., 12 என்றால் 3.31. நம்முடைய 7/0.67 என்பது 2.5, இரண்டுக்கும் நடுவில். 1/1.13 வெறும் 1 சதுர மி.மீ.; இரண்டு வயரைப் பெரிய தொப்பிக்குள் விட்டால் ஸ்பிரிங் கடிக்காமலே சுற்றும், கைக்கு மட்டும் இறுகினது போல இருக்கும். பிஎஸ் ஈஎன் 60998-2-4 (திருகுத் தொப்பிக்கான தரம்) என்று எழுதி, சதுர மி.மீ. அளவும் அச்சிட்ட தொப்பி கிடைத்தால் ஒழிய நான் போடச் சொல்லமாட்டேன்.

இந்த வேலைக்கு நெம்பு வைத்த கொனெக்டர்தான் பொருத்தம். வாகோ கம்பனியின் 221 வகையில் 4 சதுர மி.மீ. வரைக்கும், 32 அம்பியர். 11 மி.மீ. சீவ வேண்டும், அந்த அளவு உடம்பிலேயே பொறித்திருக்கும். ஒவ்வொரு வயருக்கும் தனிப் பிடி என்பதால் ஒன்று அசைந்தாலும் மற்றது அசையாது.

கொட்டாஞ்சேனை_மேல்மாடி

நன்றி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அதே மாதிரி உருவம் பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறார்கள். எடுக்கலாமா? பச்சை பிடித்த துண்டைச் சுரண்டிவிட்டு அதையே பாவிக்கலாமா?

ஏழு_இழை

உருவம் ஒன்றாக இருந்தால் போதாது. உடம்பில் அம்பியர், வோல்ட், சதுர மி.மீ. மூன்றும் அச்சிட்டில்லாததை எடுக்காதீர்கள். ஒன்றை வாங்கி, 7/0.67 போட்டு நெம்பை மூடி, முறுக்கி இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அந்தக் கடையை விட்டு வாருங்கள்.

சுரண்ட வேண்டாம். மினுக்கமான செம்பு தெரியும் வரை வெட்டுங்கள். பச்சை சில வேளை உறைக்குள் ஒரு சாண் தூரம்கூட ஓடியிருக்கும், கடற்காற்று அடிக்கிற பக்கம் அல்லவா. வயர் எட்டாமல் போனால் இடையில் அதே அளவுத் துண்டு. பிளக் வயரில் 1/1.13 துண்டை நுழைத்துவிடாதீர்கள், எம்சிபி அந்த மெல்லிய துண்டைக் காக்காது.

பழைய_வயர்மேன்

தம்பி சொன்ன நெம்புக் கொனெக்டரையே போடுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்த மூட்டானாலும் மூடியுள்ள ஜங்ஷன் பொக்ஸுக்குள் இருக்கட்டும், கொன்டியூட் குழாய்க்குள் இழுத்துவிடக் கூடாது. பொக்ஸ் நிற்கிற இடத்தில் சீலிங் பலகையைத் திறக்கக்கூடியதாக விடுங்கள்.

வயரை மடக்கும்போது ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால் மூட்டுப் பேச்சே வேண்டாம். அந்த லைன் முழுக்க மாற்ற வேண்டியது.

முடிந்ததும் மெயினை நிறுத்தி, பல்ப், எல்ஈடி, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றி, லைவையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு 500 வோல்ட் மெகர் (உறையின் காப்புத் தடையை அளக்கும் கருவி) போடச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மூடியைப் பூட்ட விடாதீர்கள். பிளக் லைனில் 2 கிலோவாட் சுமையை அரை மணி நேரம் ஓட்டி, மறுபடி மெயினை நிறுத்தி, டெஸ்டரால் பார்த்த பிறகு ஒவ்வொரு கொனெக்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அதைத் திறந்து, வெட்டி, புதிதாகச் சீவிப் போடுங்கள்.