வெரோனா கல் கண்காட்சிக்குப் பிறகு ஜெனோவாவில் சில நாள்கள்: எவற்றைப் பார்க்கலாம்?

பர்கூர்க்கல் (கிருஷ்ணகிரி):
அனைவருக்கும் வணக்கம். பர்கூர் அருகே கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறை நடத்துகிறேன். செப்டம்பரில் இத்தாலியின் வெரோனாவில் நடக்கும் மார்மோமாக் கல் கண்காட்சிக்கு இம்முறை மனைவியையும் அழைத்துச் செல்ல இருக்கிறேன். கண்காட்சி முடிந்ததும் மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள ஜெனோவாவில் இரண்டு மூன்று நாள் தங்க விரும்புகிறோம். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு; முட்டைகூடச் சேர்க்காத சைவ உணவுக்காரர். அந்த நகரமோ மேடும் படிக்கட்டுமாக இருக்கும் என்கிறார்கள். அவர் சிரமமின்றிப் பார்க்கக்கூடிய இடங்கள் எவை? ஒரு நாளைக் கர்ராரா சலவைக்கல் குவாரிகளுக்கு ஒதுக்குவது சரியாக இருக்குமா?

பென்னாகரத்தார் (தருமபுரி):
வணக்கம் ஐயா. படிப்புக்காக அந்த நகரில் வசித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட ஊர் என்பது உண்மைதான். ஆனால் அதனாலேயே பொதுமக்கள் ஏறிச்செல்ல லிஃப்டுகளும் கம்பிவட ரயில்களும் அங்கே நெடுங்காலமாக இயங்குகின்றன. போர்தெல்லோ சதுக்கத்தில் லிஃப்ட் ஏறினால் காஸ்தெல்லெத்தோ மேட்டில் இறங்கலாம். பழைய நகரத்தின் கூரைகள், துறைமுகம், அதற்கப்பால் 77 மீட்டர் உயரமுள்ள லாந்தெர்னா கலங்கரை விளக்கம் ஆகிய அனைத்தையும் உங்கள் துணைவியார் ஒரு படிகூட ஏறாமல் அங்கிருந்து பார்த்துவிடலாம். அருகிலுள்ள கரிபால்தி தெருவின் மாளிகைகள் 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றவற்றைச் சேர்ந்தவை.

கல் தொழிலில் இருப்பவர் தவறவிடக் கூடாத இடம் ஸ்தாலியேனோ கல்லறைத் தோட்டம். 1851இல் திறக்கப்பட்ட அந்தத் தோட்டத்தின் நீண்ட மண்டபங்களில், துணியின் மடிப்பும் பின்னலின் நூலிழையும் தெரியும்படி சலவைக்கல்லில் செதுக்கிய சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பணக்கார வணிகக் குடும்பங்கள் எழுப்பியவை. ஆனால் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது, திருவிழாக்களில் கொட்டைப் பருப்பு மாலைகளும் இனிப்புகளும் விற்று வாழ்ந்த கத்தரீனா கம்போதோனிகோ என்ற பெண்மணியின் சிலைதான். வாழ்நாளெல்லாம் சேர்த்த காசில், தாம் உயிருடன் இருக்கும்போதே, 1881இல் லொரென்சோ ஒரெங்கோ என்ற சிற்பியைக் கொண்டு அவர் அதைச் செய்வித்தார். கைகளில் அந்தப் பருப்பு மாலைகளுடனேயே நிற்கிறார். கல்லைத் தொட்டுப் பழகிய உங்களுக்கு அந்த உளி வேலையின் அருமை என்னைவிட நன்றாகப் புரியும். தரைத்தள மண்டபங்களை மெதுவாக நடந்தே பார்க்கலாம். மேல் தளத்திற்குப் படிகள் உண்டு.

சான் லொரென்சோ பேராலயத்தின் முகப்பில் கறுப்புநிறக் கல்லும் வெண்ணிறக் கல்லும் மாறி மாறிப் பட்டை பட்டையாக அடுக்கப்பட்டுள்ளன. 1941இல் பிரிட்டிஷ் கப்பற்படை சுட்டபோது சுவரைத் துளைத்து விழுந்தும் வெடிக்காமல் போன குண்டின் உறையை உள்ளே இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அதியமான்மகள் (தருமபுரி):
உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜெனோவாவில் சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கடலை மாவை நீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்து, அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டெடுக்கும் ஃபரினாதா அந்த ஊரின் அன்றாடப் பண்டம். நம் வீட்டு அடையைப் போல ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருக்கும். சூட்டோடு சாப்பிட வேண்டும். சில கடைகளில் சிறு மீன் சேர்த்தும் செய்வதால், கேட்டு வாங்குவது நல்லது. ஃபொகாச்சா ரொட்டியும் எங்கும் கிடைக்கும். ஆனால் துளசியினத்து இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவில் பாலாடைக்கட்டி சேர்கிறது. அதில் வழக்கமாகச் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளையே பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சகோதரி அறிந்து முடிவு செய்யட்டும்.

தொப்பூர்க்கணவாய்:
கர்ராரா பற்றி என் கருத்து வேறு. வெரோனாவில் நாள் முழுவதும் கல்லையே பார்த்துவிட்டு, மறுபடியும் மனைவியைக் குவாரிக்கு அழைத்துச் செல்வது நியாயமாகத் தோன்றவில்லை. ரயிலில் போகவர அரை நாள் கழிந்துவிடும். குவாரிப் புழுதியும் வெயிலும் கிருஷ்ணகிரியிலேயே இருக்கின்றன. அந்த நாளைக் கடலுக்குக் கொடுங்கள். கோர்சோ இத்தாலியா என்ற அகன்ற கடலோரச் சாலையில் சமதரையில் நடந்தால், அதன் முடிவில் பொக்கதாஸ்ஸே என்ற பழைய மீனவர் குடியிருப்பு வரும். அங்குள்ள கரை மணலன்று, கூழாங்கல். ஆகவே பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். இன்னொரு நாள் கமோலிக்கு ரயிலில் சென்று, அங்கிருந்து சாலை வசதியே இல்லாத சான் ஃப்ருத்துவோஸோ மடாலயத்திற்குப் படகில் போகலாம். அந்த விரிகுடாவின் அடியில் 1954இல் இறக்கிய இயேசுவின் வெண்கலச் சிலை நிற்கிறது. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது என்பதால், இந்தப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்காதீர்கள்.

பர்கூர்க்கல்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன். கர்ராராவை விட்டுவிடுவதென்று இருவரும் முடிவு செய்தோம். கமோலி ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டுமா?

தொப்பூர்க்கணவாய்:
வேண்டியதில்லை. அது உள்ளூர் ரயில். நிலையத்திலேயே சீட்டு வாங்கலாம். காகிதச் சீட்டாக இருந்தால், ஏறுவதற்கு முன் நடைமேடையருகே உள்ள இயந்திரத்தில் முத்திரையிட மறக்காதீர்கள். முத்திரை இல்லாவிட்டால் அபராதம் விதிப்பார்கள்.