ஆஸ்பிரேஷன் கதீட்டர்: 63டி–35டி இணைப்பில் மடிப்பு விழுகிறது, தண்டை எப்படி மாற்றலாம்?

தண்டு_வரைவு

வணக்கம். பக்கவாதத்தில் மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுக்கும் கதீட்டருக்கு முன்மாதிரி செய்துகொண்டிருக்கிறோம். இப்போதைய அமைப்பு இது:

உள்விட்டம் 0.071 இன்ச், அதாவது 1.80 மி.மீ. வெளிவிட்டம் 2.10 மி.மீ. நீளம் 132 செ.மீ. உள்ளே முழு நீளத்துக்கும் 0.001 இன்ச் தடிமனில் எட்ச் செய்த (ஒட்டுவதற்காக வெளிப்பக்கத்தை வேதிமுறையில் அரித்த) பிடிஎஃப்இ லைனர், அதாவது வழுக்கும் உள்ளுறை. அதன்மேல் ஹப்பிலிருந்து (கையில் பிடிக்கும் முனை) 124 செ.மீ. வரை 304 ஸ்டீல் தட்டைக் கம்பிப் பிரெய்டு (பின்னல்): கம்பி 0.001 × 0.003 இன்ச், 16 கேரியர் (பின்னும் இழைகள்), 60 பிபிஐ (ஓர் இன்ச்சில் கம்பிகள் குறுக்கிடும் எண்ணிக்கை). கடைசி 8 செ.மீ.க்கு 0.0025 இன்ச் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம்) கம்பிச் சுருள். மேலுறை பீபேக்ஸ் என்ற பிளாஸ்டிக் (72டி, 63டி என்பவை அதன் ஷோர் கடின எண்கள், எண் குறைந்தால் இளகியது): 72டி 104 செ.மீ., 63டி 20 செ.மீ., 35டி 8 செ.மீ. முனைக்கு 1 மி.மீ. பின்னால் பிளாட்டினம்-இரிடியம் மார்க்கர் பேண்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் வளையம்).

சிலிக்கோன் மாடலில் கரோட்டிட் சைஃபன் (கரோட்டிட் தமனி மண்டைக்குள் எஸ் போல வளையும் இடம்) வளைவைத் தாண்டும்போது, முனையிலிருந்து சரியாக 8 செ.மீ.யில் மடங்குகிறது. ஒருமுறை மடங்கிய இடத்தில் அடுத்த முறை இன்னும் சுலபமாக மடங்குகிறது. வெட்டிப் பார்த்தால் அங்கே லைனர் மேலுறையை விட்டுப் பிரிந்திருக்கிறது. இதுபோக, கடைசி 5 செ.மீ.யில் லைனரில் மெல்லிய சுருக்கங்கள் இருப்பதால் உள்ளே போகும் மைக்ரோகதீட்டர் தட்டித் தட்டிப் போகிறது.

சுருளின் இடைவெளியை நெருக்கினால் போதுமா, மேலுறையையே மாற்ற வேண்டுமா?

---

பாலிமர்_கரை

சுருளை நெருக்கினால் மடிப்பு நிற்காது, சில மி.மீ. தள்ளிப்போய் விழும்.

முதலில் 63, 35 என்ற எண்களை மறந்துவிடுங்கள். ஷோர் கடினம் மேற்பரப்பில் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் சொல்கிறது. வளைவுக்கு வேண்டியது ஃபிளெக்சுரல் மாடுலஸ், அதாவது வளைவை எதிர்க்கும் விறைப்பு. நிரப்பி சேர்க்காத பீபேக்ஸுக்குத் தோராயமாக: 72டி 510 மெகாபாஸ்கல், 63டி 285, 55டி 170, 40டி 77, 35டி 21, 25டி 12. உங்கள் இணைப்பில் 285-லிருந்து 21-க்கு ஒரே குதி, 13 மடங்குக்கும் மேல். போதாததற்குப் பிரெய்டும் அதே இடத்தில் முடிந்து சுருள் தொடங்குகிறது. இரண்டு மாற்றங்களை ஒரே கோட்டில் அடுக்கியிருக்கிறீர்கள்.

கெட்டியான பக்கம் வளைய மறுப்பதால் மொத்த வளைவையும் இளகிய பக்கத்தின் முதல் இரண்டு மூன்று மி.மீ. வாங்கிக்கொள்கிறது. அங்கே வட்டம் முட்டையாகிறது. முட்டையானதும் வளைவை எதிர்க்கும் பலம் குறைகிறது, குறைந்ததும் இன்னும் முட்டையாகிறது, கடைசியில் மடிகிறது. லைனர் பிரிவது பெரும்பாலும் இதன் விளைவுதான். பிரிந்த லைனர் அடுத்த முறை எதற்கும் தாங்கு கொடுக்காது, அதனால்தான் இரண்டாம் முறை சுலபமாக மடிகிறது.

நான் இப்படிப் பிரிப்பேன்: 72டி 95 செ.மீ., 63டி 10, 55டி 7, 40டி 5, 40டி-35டி பாதிக்குப்பாதி கலவை 3, கடைசி 12 செ.மீ. 35டி. கூட்டினால் அதே 132. கலவைத் துண்டு ஏன் என்றால், பெயரளவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 40-க்கும் 35-க்கும் நடுவில்தான் கிட்டத்தட்ட 3.7 மடங்கு பள்ளம் இருக்கிறது. 63–55, 55–40 இரண்டுமே அவ்வளவு மோசமில்லை. அடுத்தடுத்த துண்டுகளுக்கு நடுவில் இரண்டரை மடங்கைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். அது எந்தத் தரநிலையிலும் எழுதியிருக்கிற எண் அல்ல.

பிரெய்டு முடிவை 55டி துண்டின் நடுவில் கொண்டுபோய் வையுங்கள், இணைப்புக் கோட்டில் வேண்டாம். பிரெய்டின் மேல் சுருளை ஏற்றி ஒட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், உங்கள் சுவரில் அதற்கு இடமில்லை. மொத்தச் சுவர் 0.15 மி.மீ. லைனர் 0.025, கம்பி மேல் கம்பி ஏறும் இடத்தில் பிரெய்டு 0.05, சுருள் 0.064. மேலுறைக்கு மிஞ்சுவது 0.011 மி.மீ. அதனால் முட்டுக்கு முட்டு வைத்து, மேலே சில மைக்ரான் தடிமனுள்ள பிஇடி ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) ஒரு சிறு வளையம் போடுங்கள். பிரெய்டு முனையை வெட்டும் முன் அந்த இடத்தை அனீல் செய்யாவிட்டால் (சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்தாவிட்டால்) கம்பிகள் விரிந்து மேலுறையைக் குத்தும்.

இன்னொன்று. பேரியம் சல்ஃபேட் கலந்த பீபேக்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் மேலே சொன்ன எண்கள் பொருந்தாது, நிரப்பி ஏற ஏறக் கடினமும் ஏறும். கலவைக்கான மாடுலஸைச் சப்ளையரிடம் தனியாகக் கேளுங்கள்.

---

லேமினேஷன்_மேசை

லைனர்ல சுருக்கம் விழறது ரீஃப்ளோ (மேலுறையை உருக்கி ஒட்டறது) கோளாறுங்க, டிசைன் மேல பழி போட வேண்டாம்.

உங்க 63டி உருகறது 169 டிகிரி பக்கம், 35டி 144 பக்கம். முழு நீளத்துக்கும் ஒரே சூடு, ஒரே வேகம் கொடுத்தா ரெண்டுல ஒண்ணு கெடும். 63டி பிரெய்டுக்குள்ள ஒழுங்கா இறங்கற அளவுக்குச் சூடு கொடுத்தா, 35டி தண்ணி மாதிரி ஓடி சுருளை நகர்த்திடும், லைனரையும் சேர்த்து இழுக்கும். 35டி-க்கு ஏத்த மாதிரி வச்சா 63டி லைனரைச் சரியா நனைக்காது. நீங்க வெட்டிப் பாத்த பிரிவு அப்பவே தொடங்கியிருக்கலாம். செங்குத்து லேமினேட்டர் இருந்தா துண்டுக்குத் துண்டு வேகத்தை மாத்துங்க. மேல போடற எஃப்இபி சுருங்கு குழாய் சுருங்கவே 210 டிகிரி கிட்ட வேணும், அதனால சூட்டை ரொம்ப இறக்க முடியாது, தங்கற நேரத்தைத்தான் குறைக்கணும். திரையில தெரியற எண் நாசில் காத்தோட சூடு. மெல்லிய தெர்மோகப்பிளை ஒரு டம்மி தண்டுக்குள்ள வச்சு, பீபேக்ஸ் உண்மையில என்ன சூட்டுக்குப் போகுதுன்னு ஒருதரம் பாத்துடுங்க.

எஃப்இபி அளவையும் பாருங்க. அது முழுசா சுருங்கினா வர்ற உள்விட்டம் 2.10-ஐ விடக் குறைவா இருக்கணும். இல்லாட்டி உருகின பிறகு அமுக்கமே இருக்காது, காத்து உள்ளேயே தங்கிடும். 1.6-க்கு 1 சுருங்கற ரகம் வாங்கியும் ஆரம்ப அளவு பெருசா இருந்தா இதே கதைதான்.

லைனர்: எட்ச் பண்ணின பக்கம் பழுப்பா இருக்கணும். வெளிச்சத்துல, முக்கியமா புற ஊதா ஒளியில, திறந்து கிடந்தா எட்ச் செத்துப்போகும். கறுப்புப் பையில வைங்க, வெறுங்கையால தொடாதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க: பரவினா நல்லது, முத்தா நின்னா அந்த ரோலைத் தூக்கிப் போடுங்க. மாண்ட்ரல் (உள்ள வைக்கிற தாங்கு கம்பி) மேல ஏத்தின பிறகு ரெண்டு முனையிலயும் லேசா இழுத்துக் கட்டணும். தளர்வா இருந்தா சூட்டுல பீபேக்ஸ் அமுக்கும்போது தளர்வெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கி மடிப்பா நிக்கும். உங்க கடைசி 5 செ.மீ. சுருக்கம் அதுதான்னு நினைக்கிறேன், ஏன்னா காத்தை வெளியேத்த ஹப் பக்கத்துலேர்ந்து முனைக்கு ஓட்டறீங்க போல. முனையைக் கட்டாம விட்டா எல்லாம் அங்க வந்து சேரும்.

பீபேக்ஸ் ஈரம் குடிக்கும். 70 டிகிரியில நாலு மணி நேரமாவது காய வைக்காம ஏத்தினா ஊசிமுனைக் குமிழ் வரும். துண்டுகளோட வெட்டு முனை நேரா இருக்கணும், நடுவுல இடைவெளி விட்டா அந்த இடத்துல சுவர் மெலியும். மாண்ட்ரலை முழுசா ஆறின பிறகு நேர்கோட்டுல உருவுங்க. சூடா இருக்கும்போது உருவினா மத்ததெல்லாம் சரியா செஞ்சதும் வீண்.

---

நியூரோ_இன்டர்வென்ஷன்

கேத் லேபில் இதைப் பிடிக்கிறவர்கள் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

முனை எம்1-இல் (நடு மூளைத் தமனியின் முதல் பகுதி) இருக்கும்போது, அதற்குப் பின்னாலுள்ள 8 செ.மீ. சைஃபனின் வளைவுகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மிக மோசமான வளைவில் உங்கள் மிக மோசமான இணைப்பு போய் உட்காருகிறது. இளகிய பகுதி கழுத்து கரோட்டிட் வரை நீள வேண்டும், அங்கேயும் வயதானவர்களுக்குச் சுழிகள் உண்டு. பாலிமர்_கரை சொன்ன 12 செ.மீ., அதற்குப் பின்னால் கலவை, 40டி எல்லாம் சேர்த்து 20 செ.மீ. என்பது நியாயமாக இருக்கிறது.

ஆனால் மாடலில் நிற்பதெல்லாம் மடிப்பால் மட்டும் நிற்பதல்ல. கண் தமனி கிளம்பும் இடத்தில் பெரிய கதீட்டரின் உதடு போய் இடித்து நிற்பது தினசரிப் பிரச்சினை. உள்ளே போகும் மைக்ரோகதீட்டருக்கும் உங்கள் 1.80 மி.மீ. துளைக்கும் நடுவில் இருக்கிற படிதான் காரணம். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்: தள்ளுகிறோம், முனை நகரவில்லை, பின்னால் தண்டு வளைகிறது. இடித்து நின்ற பிறகு தள்ளியதால் மடிந்ததா, மடிந்ததால் நின்றதா என்று மாடலில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முன்னதுதான் என்றால் மேலுறையை எவ்வளவு மாற்றினாலும் பாதிதான் தீரும், முனையின் விளிம்பை உருட்ட வேண்டும்.

துளையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். 85 கிலோபாஸ்கல் வெற்றிடத்தில் 1.80 மி.மீ. முனை கட்டியைப் பிடிக்கும் விசை சுமார் 0.22 நியூட்டன், ஏறக்குறைய 22 கிராம் எடை. 0.060 இன்ச் துளையில் அது 0.16-க்கு இறங்கும். ஓட்டம் ஆரத்தின் நாலாம் படி என்பதால் பாதியாகிவிடும். முனை முட்டையானாலும் இதே இழப்புதான். அதனால் 35டி-க்குக் கீழே 25டி போடும் ஆசை வந்தால், உறிஞ்சும்போது சப்பிப் போகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். சுருளின் கடைசிச் சுற்றுக்கும் மார்க்கருக்கும் நடுவில் வெறும் பிளாஸ்டிக் விட்டால் அங்கேதான் முதலில் சப்பும்.

ஹைட்ரோஃபிலிக் (ஈரத்தில் வழுக்கும்) பூச்சை முன்பகுதியோடு நிறுத்துங்கள். கை பிடிக்கும் இடத்தில் பூசினால் ஈரக் கையுறையில் வழுக்கும். 0.088 இன்ச் ஷீத்துக்குள் (வெளிக்குழாய்) உங்கள் 2.10 மி.மீ. போனால் மொத்த இடைவெளி 0.14 மி.மீ.தான், ஈரத்தில் ஊதும் பூச்சுக்கும் அதிலேயே இடம் வேண்டும். பூச்சு உரிந்து ரத்தத்தில் போவதைப் பற்றி அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015-இல் தனியாக எச்சரிக்கை வெளியிட்டது. ஷீத் விளிம்பில் பலமுறை உரசவிட்டுத் துகள் எண்ணிக்கை பாருங்கள்.

---

தண்டு_வரைவு

மூவருக்கும் நன்றி. டாக்டர், மெதுவாகத் தள்ளிப் பார்த்தோம்: விளிம்பு இடிக்கும் முன்பே மடிகிறது, ஆகவே தண்டுதான். லேமினேஷன்_மேசை சொன்னதும் சரி, ஹப்பிலிருந்து முனைக்குத்தான் ஓட்டுகிறோம், முனையைக் கட்டுவதில்லை.

ஒரு கவலை. 35டி 12 செ.மீ.க்கு நீண்டால் இழுவிசைச் சோதனை தாங்குமா? கட்டி சிக்கியிருக்கும்போது பின்னால் இழுப்பார்களே.

---

பாலிமர்_கரை

கதீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 10555-1 தரநிலைப்படி வெளிவிட்டம் 1.85 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் குறைந்தபட்ச உடைவிசை 15 நியூட்டன். உங்கள் மேலுறையின் குறுக்குப் பரப்பு, சுருள் எடுக்கும் இடத்தைக் கழிக்காமல், சுமார் 0.78 சதுர மி.மீ. 15 நியூட்டனில் 19 மெகாபாஸ்கல் வருகிறது. 35டி அதில் அறுந்துபோகாது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நீளும். சுருள் நீளவாட்டில் எதையும் தாங்காது, ஸ்பிரிங் போல விரிந்துகொடுக்கும். தேர்ச்சி பெறும், ஆனால் இழுக்கும்போது துளை ஒடுங்கும், சுருளின் சுற்றுகள் விலகும். சோதனையில் உடைவிசையோடு 5 நியூட்டனில் எவ்வளவு நீள்கிறது என்பதையும் குறித்துவையுங்கள். தரநிலை கேட்காது, மருத்துவர் கேட்பார்.

நீட்சி அதிகம் என்றால் சுருளுக்கும் லைனருக்கும் நடுவில் நீளவாட்டில் எல்சிபி (எளிதில் நீளாத பாலிமர்) இழை ஓட்டுங்கள். ஒரு முனையை மார்க்கர் பேண்டுக்கு அடியில், மறுமுனையைப் பிரெய்டுக்குள் பிடிக்க வேண்டும். ஒற்றை இழை வேண்டாம், இழுத்தால் முனை அந்தப் பக்கமாகத் திரும்பும். மூன்றை 120 பாகை இடைவெளியில் வையுங்கள். விறைப்பாகக் கட்டினால் வளைவின் வெளிப்பக்க இழை நீள மறுத்து, இளகலாக்கச் செய்த வேலையெல்லாம் போய்விடும். அதனால் கொஞ்சம் தளர்வோடு போட வேண்டும்.

---

லேமினேஷன்_மேசை

இழை போட்டா அது மேல சுருள் ஏறற இடத்துல மேடு வரும், ரீஃப்ளோ நேரத்தை மறுபடி செட் பண்ணணும். அதைப் பாத்துட்டு மத்த சோதனைக்குப் போங்க.

மடிப்புச் சோதனையை அறைச் சூட்டுல, உலர்ந்த தண்டை வச்சுப் பண்ணாதீங்க. இடிஓ (எத்திலீன் ஆக்சைடு வாயு) ஸ்டெரிலைஸ் ஆகி வந்த பீஸை 37 டிகிரி தண்ணியில ஊறவச்சு, பெருசுலேர்ந்து சிறுசா பின்களைச் சுத்தி வளைச்சு, உள்ள அளவுக் கம்பி போகுதான்னு பாருங்க. அதுக்கு முன்னாடி முனையிலேர்ந்து 30 செ.மீ.க்கு ஒவ்வொரு செ.மீ.யிலும் மூணு-புள்ளி வளைவு எடுத்து வரைபடம் போட்டா, பழைய தண்டுல 8 செ.மீ.யில செங்குத்தா ஒரு படி தெரியும். புதுசுல அது சரிவா மாறியிருக்கணும். மாறலைன்னா பின் சோதனைக்கே கொண்டுபோக வேண்டாம், எந்தத் துண்டு தப்புன்னு படமே காட்டும்.

லீக் டெஸ்ட் 300 கிலோபாஸ்கல், 30 விநாடி. வளைச்சு முடிச்ச பீஸ்லயும் ஒருதரம் பண்ணுங்க, புதுசுல மட்டும் பண்ணினா லைனர் பிரிஞ்சது தெரியாது.