பாத எரிச்சல் தானாகக் குறைந்தால் நல்ல அறிகுறியா?

கேள்வி:
என் அம்மாவுக்கு 61 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்து வருகிறார். இரவில் போர்வை பட்டாலும் தாங்க முடியாத அளவுக்கு இருந்த பாத எரிச்சல், அதற்கென்று தனி மருந்து எதுவும் இல்லாமலே இப்போது குறைந்துவிட்டது. ஆனால் செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறார். தினமும் சுடுநீரில் கால் வைக்கும் பழக்கமும் உண்டு. நோய் குணமாகிறது என்று கொள்ளலாமா?

பதில் 1 (பாதச் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
சர்க்கரை கட்டுக்குள் வந்தாலும் எரிச்சல் குறையலாம். ஆனால் செருப்பு கழன்றதே தெரியவில்லை என்பதால், நரம்பு மேலும் பழுதாகி உணர்வே மங்கிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், தட்டினால் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தும் மருத்துவர் சில நிமிடங்களில் சோதித்துவிடுவார். சுடுநீரை இன்றே நிறுத்துங்கள். சூடு உறைக்காத காலில் கொப்புளம் எழுந்த பிறகுதான் வெந்தது தெரியவரும்.

பதில் 2:
மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைபாடும் இதே போன்ற மதமதப்பைத் தரும். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பாராமலே மருந்துக்கடையில் 'நரம்பு மாத்திரை' கேட்டு வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. மெட்ஃபார்மினையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

பதில் 3:
தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு, வலி தெரியாததால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே பெரிதும் காரணம் என்பதை வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். உணர்விழந்த சர்க்கரைப் பாதத்துக்கும் அது பொருந்தும். எனவே குதிகாலில் பட்டை உள்ள எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு வாங்குங்கள், அணியும் முன் உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். கோயிலுக்குச் செல்வதென்றால் கல்தரை கொதிக்கும் உச்சிவேளையைத் தவிர்க்கலாம். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் அமிலப் பட்டைகளை ஒட்டவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று பார்த்தபோது அம்மாவின் இடது பாதம் மட்டும் சற்று வீங்கிச் சூடாக இருக்கிறது. புண்ணும் இல்லை, வலியும் இல்லை என்பதால் அடுத்த வாரம் காட்டலாம் என்றிருக்கிறோம்.

பதில் 1 (மீண்டும்):
அடுத்த வாரம் வரை பொறுக்க வேண்டாம். எலும்பும் மூட்டும் சிதையத் தொடங்கும் சார்கோ பாதமாகவோ, உள்தொற்றாகவோ, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாகவோ இருக்கலாம். அம்மாவுக்கு வலி தெரியாததால் வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அந்தக் காலை ஊன்றவிடாமல் இன்றே அழைத்துச் செல்லுங்கள்.