இக்சி குழந்தை, இதயத்தில் ஓட்டை: எங்கள் அனுபவம்

குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுத்துப் பிறக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறை வருமோ என்று பயப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகன் இக்சியில் உண்டானவன். என் கணவருக்கு விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. ஒரே ஒரு அணுவை எடுத்து, மெல்லிய கண்ணாடி ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்துவதுதான் இக்சி. ஐந்தாம் மாத எக்கோ ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் சின்ன ஓட்டை இருப்பது தெரிந்தது.

"ஊசி மருந்துல வந்த புள்ள, வேற எப்படி இருக்கும்" என்றார் மாமியார். அவர் என் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவர் வாயிலிருந்து அது வந்ததில் மனசு உடைந்துவிட்டது. சிகிச்சை கொடுத்த மருத்துவமனையிலோ, "இதுக்கும் எங்க ட்ரீட்மென்ட்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வேறொரு டாக்டர் சொல்லி மரபியல் ஆலோசகர் ஒருவரைப் பார்க்கப் போனோம். அத்தையையும் கூட்டிக்கொண்டே போனேன்.

அந்த அம்மா ஒரு வெள்ளைத்தாளில் எங்கள் குடும்பத்தையே வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தாத்தா பாட்டியில் ஆரம்பித்து, யாருக்குக் குழந்தை தங்கவில்லை, யார் சின்ன வயதிலேயே இறந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரியாத பதிலையெல்லாம் அத்தைதான் சொன்னார். என்னையும் என் கணவரையும் சேர்க்கும் இடத்தில் மட்டும் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடு இழுத்தார். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அப்படித்தான் போடுவார்களாம். பொதுவாக 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்டால் அதோடு இன்னும் 2 அல்லது 3 கூடும், சிகிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் என்றார். அத்தை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, சிகிச்சைக்குப் பங்கே இல்லையா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். தெற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பிறப்புகளை அலசிய ஆய்வு 2012-இல் வெளியானது. சிகிச்சையில் உண்டான குழந்தைகளில் 8.3 சதவீதத்துக்கும், இயல்பாக உண்டானவர்களில் 5.8 சதவீதத்துக்கும் குறை இருந்தது. ஐந்து வயதுக்குள் தெரியவந்த குறைகளையும் சேர்த்து எண்ணியதால் இரண்டுமே பெரிய எண்ணாகத் தெரிகிறது. தாயின் வயது போன்ற விஷயங்களைக் கழித்துப் பார்த்தபோது, சாதாரண ஐ.வி.எஃப்பில் (கருமுட்டையையும் விந்தணுக்களையும் உடம்புக்கு வெளியே ஒன்றாக வைத்துத் தானாகக் கருவாக விடுவது) சொல்லும்படியான வித்தியாசம் நிற்கவில்லை. இக்சியில் நின்றது. ஆனால் குழந்தையின்மைப் பிரச்சினை இருந்து, சிகிச்சையே இல்லாமல் தானாகக் கருத்தரித்த பெண்களின் பிள்ளைகளிடமும் குறை கொஞ்சம் கூடுதலாக இருந்தது! 2006-இல் வந்த டென்மார்க் ஆய்விலும் அப்படித்தான்: ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து இயல்பாகவே கருவுற்றவர்களின் குழந்தைகளுக்கும் ஆபத்து சற்று அதிகம்.

அதாவது, எது நம்மை ஆஸ்பத்திரிக்குப் போக வைத்ததோ, அந்தக் குறைபாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. இக்சியில் மிஞ்சி நிற்பது ஊசியால் வருவதா, இக்சி தேவைப்பட்ட ஆணின் விந்தணுவோடு வருவதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இவ்வளவு பொறுமையாக முதல் மருத்துவமனையில் யாராவது பேசியிருந்தால் எத்தனையோ ராத்திரி நான் தூங்கியிருப்பேன். அங்கே பாக்கேஜ் விலையை மட்டும் விலாவாரியாகச் சொன்னார்கள்.

ஆண் பக்கம் குறை இருக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். சிலருக்கு ஒய் குரோமோசோமில் (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபணுத் தொகுதி) ஒரு துண்டு விடுபட்டிருப்பதால்தான் அணு குறைகிறது. இக்சியில் ஆண் குழந்தை பிறந்தால் அதே குறை அவனுக்கும் போகும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். என் கணவருக்கு அந்தப் பரிசோதனையைப் பிற்பாடுதான் எடுத்தோம், அந்தக் குறை இல்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குவது, சர்க்கரை, தைராய்டு இரண்டையும் கட்டுக்குள் கொண்டுவருவது, ரூபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் நம் கையில் இருப்பவை. முடிந்தவரை கருப்பைக்குள் ஒரே கருவை வைக்கச் சொல்லுங்கள். இரட்டைக் குழந்தை என்றால் குறைப்பிரசவ ஆபத்து வேறு சேர்ந்துகொள்ளும்.

மகனுக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. இந்த மாதிரி சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னபடியே இவனுக்கும் மூடிவிட்டது. இப்போது என் தம்பிக்கு மாமா பெண்ணைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண் நல்ல பெண், தடுக்க எனக்கு மனசில்லை. நிச்சயத்துக்கு முன்னால் இருவரையும் அந்த ஆலோசகரிடம் ஒருமுறை கூட்டிப்போக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். "அவ சொல்றதக் கேளுடா" என்று அத்தைதான் எனக்காகப் பேசினார்.